பின் சீட்டுக்காரர்

கதவுக் குமிழ் கையோடு வந்ததும் பிரேக் வாத்தியார் முதலில் செய்தது, பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான்.

பார்த்துவிட்டார்கள்.

"பிச்சுட்டீங்களாப்பா?" என்றாள் பெரியவள்.

"நான் எங்கம்மா பிச்சேன்? அதுவா வந்துச்சு."

வராமல் என்ன செய்யும்? "பின்னறைக் கதவை உள்ளே இருந்து சாத்தாதீங்க, குமிழ் ஆடுது" என்று குடிவந்த நாள் முதல் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் அசலாக இருக்கட்டும் என்று அவர்தான் படாரென்று இழுத்தார். குமிழின் ஒரு பாதி அவர் கையில். மறு பாதி வெளியே விழுந்து உருண்டு போய் எங்கோ நின்றது. செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு அப்பால் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைச் சுவர். விளக்குப் போடலாம் என்றால் ஹோல்டர் மட்டும்தான் இருந்தது. அதில் பல்பு மாட்டும் வேலையை அவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். பழகுகிறவர் லாரியைப் பார்த்து வண்டியை விட்டாலும், பதறாமல் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து, "சாவணும்னா பீஸ் கட்டி முடிச்சுட்டு சாவுங்க" என்பார். அதனால் வந்த பெயர் பிரேக் வாத்தியார். வீட்டில் மட்டும் அந்த பிரேக் பிடிப்பதில்லை.

விஷயம் இதுதான். லீவுக்குப் பிள்ளைகளைக் காட்டு சஃபாரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவிக்குக் கடற்கரையே போதும். "சின்னவன் சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே உட்கார மாட்டான், புலி முன்னாடி உட்காருவானா? முதல்ல வீட்டுலயே ஒரு ஜீப்புல உட்கார வச்சுக் காட்டுங்க. அப்புறம் டிக்கெட் போடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குத்தான் இந்த ஒத்திகை. பழைய வீடு. புழக்கமில்லாத பின்னறையில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இரும்புக் கட்டில் ஒன்று மெத்தையோடு கிடந்தது. அது பயணிகள் சீட். அதற்கு முன்னால் போட்ட நாற்காலி டிரைவர் சீட். முக்காலியில் நிறுத்திய முகம் பார்க்கும் கண்ணாடிதான் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி.

"அம்மா டியூட்டி முடிஞ்சு வந்து திறந்துவிடுவா. அதுவரைக்கும் காடுதான். சத்தம் போடக் கூடாது, வண்டியை விட்டு இறங்கக் கூடாது. சரியா?" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஜன்னலில் வெளிச்சம் பழுத்து, கறுக்கத் தொடங்கியது. முதலில் மூலைகள் இருண்டன. பிறகு சுவர்கள் பின்வாங்கின. உலர்ந்த புல்லின் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை: நனைந்த தோல் காய்கிற வாடை. எலி செத்திருக்கும், அதையும் மனைவி ஏற்கெனவே சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

சின்னவன் அசையவேயில்லை.

தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. டிக்கெட் போட்டாயிற்று என்றே முடிவு செய்துவிட்டார். நேரம் போகப் போகத்தான் அவருக்கு உறைத்தது. தூக்கத்தில்கூட உருளுகிற பிள்ளை அது.

கண்ணாடியில் பார்த்தார். பிள்ளைகள் இருவரும் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவரோரம், மெத்தை குழிந்திருந்தது. கனத்த ஆள் உட்கார்ந்தால் குழிகிற மாதிரி.

"என்னடா, போர் அடிக்குதா?" என்றார் மெதுவாக.

"உஷ்."

"என்னடா உஷ்?"

"கைடு பேச வேணாம்னு சொல்றாரு."

"நான்தானேடா கைடு."

"நீங்க டிரைவர்ப்பா. கைடு பின்னாடி இருக்காரு."

சிரிக்கப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மனைவியை அலற வைப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான் என்று கண்ணாடியில் பெரியவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

"நீயும் கூட்டாம்மா?"

"திரும்பாதீங்கப்பா."

"யாரும்மா அங்கே?"

"ப்ளீஸ்ப்பா."

கட்டில் கம்பி ஒருமுறை முனகியது.

"போதும், ரெண்டு பேரும் இறங்கி வாங்க."

"இறங்கினா கீழே இருக்கிறது பிடிச்சுக்குமாம்" என்றான் சின்னவன், பாடம் ஒப்பிப்பதுபோல.

கட்டிலுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. நிதானமாக, வழவழவென்று, தரையைத் தடவிக்கொண்டு. பிரேக் வாத்தியார் தன் கால்கள் இரண்டையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

திரும்பினார்.

யாரும் இல்லை. சுவர், மெத்தை, அந்தக் குழி.

குழி சின்னவன் பக்கம் நகர்ந்தது.

அவனுடைய சட்டைக் காலர் பின்பக்கம் கொத்தாகச் சுருங்கி, மேலே இழுபட்டு நின்றது. யாரோ பிடித்திருப்பதுபோல.

"யார் நீங்க?" என்றார். "என்ன வேணும்?" காலர் அப்படியே நின்றது. "சார், நாங்க டிக்கெட்டே இன்னும் போடல" என்றார். பயத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. காலர் இன்னும் இறுகியது. சின்னவன் எச்சில் விழுங்கினான்.

பிரேக் வாத்தியாரின் வாயிலிருந்த விளையாட்டெல்லாம் வற்றிப்போனது.

"சின்னப் பிள்ளைங்க" என்றார். "அதுங்களை இறக்கி விட்டுடுங்க. நான் இருக்கேன். சத்தியமா இறங்க மாட்டேன்."

காலர் தளர்ந்தது.

"நாம ரெண்டு பேரும் இறங்கலாமாம்" என்றாள் பெரியவள். தம்பியை இழுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

வாசல் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கதவைத் தட்டித் தீர்த்தார்கள். அவர்களின் அம்மா விழுந்து கிடந்த குமிழை எடுத்துச் செருகி, ஏதோ முணுமுணுத்தபடி திருகினாள். கதவு திறந்தது. இருவரும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. எழுந்திருக்கப் பார்த்தார்.

முடியவில்லை.

தொடையும் முதுகும் நாற்காலியோடு நாற்காலியாக இருந்தன. "இந்தா, இங்கே பாரு" என்று கூப்பிட்டார். தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை.

"உங்கப்பா எங்கேடி?"

"அங்கேதான். நாற்காலியில."

அவள் செல்போன் வெளிச்சத்தை நேராக அவர்மேல் அடித்தாள். அவருக்குக் கண் கூசவில்லை. சுவரில் நாற்காலியின் நிழல் மட்டும் விழுந்தது. அதில் ஆள் இல்லை.

"ஏங்க, ஒளிஞ்சது போதும். பிள்ளைங்க நடுங்குதுங்க பாருங்க. வெளியே வாங்க."

எத்தனை தடவை இப்படி ஒளிந்திருப்பார். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"கதவுக்குப் பின்னாடி இல்ல. அப்போ கட்டிலுக்குப் பின்னாடிதான்" என்றாள் அவள். "வாங்க, மூணு பேருமா போய் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரலாம்."

"வேணாம்மா" என்றாள் பெரியவள்.

"நான் இருக்கேன்ல, வா."

இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு அவள் நிலைப்படியைத் தாண்டினாள். வராதே, வராதே என்று பிரேக் வாத்தியார் அலறினார். உதடு அசைந்ததா என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவருடைய நாற்காலியைக் கடந்து போகும்போது அவளுடைய சேலை அவர் முழங்கையில் உரசியது. அது மட்டும் தெரிந்தது. கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதற்காக அவள் மெத்தையில் ஒரு முழங்காலை ஊன்றினாள். சின்னவன் தானாகவே ஏறி, பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

"அதான் நான் இருக்கேனே" என்று அழுதார். "இன்னும் என்னய்யா வேணும்? எங்களை எப்போ விடுவே?"

பிடரியில் புல் வாசனையோடு ஒரு மூச்சு பட்டது. பணிவான, பயணிகளிடம் பேசிப் பழகிய குரல்.

"வண்டி நிறையட்டும் சார். நிறைஞ்சதும் கிளம்பிடலாம்."