காதுகுத்து டிவிடி

மான்மவுத் ஜங்ஷன் ஊரில் காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வசந்தாமணி கடையில் வாங்கிய வெற்று டிவிடி கட்டோடு வந்து, கராஜில் பூட்ஸை உதறிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள். யாருமில்லை. ஹீட்டர் மட்டும் உர்ரென்று ஓடியது. நல்லதாகப் போச்சு, வெண்பாவின் ஸ்கூல் பஸ் வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. வெண்பாவின் காதுகுத்து டிவிடியை நகல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரோட்டு ஸ்டூடியோக்காரன் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் திணித்துக் கொடுத்திருந்தான், எட்டு ஜிபி. பிள்ளை அதைத் தினமும் போட்டுப் போட்டுப் பார்த்து, கீறல் விழுந்து, படம் நடுநடுவே திக்க ஆரம்பித்துவிட்டது. வாங்கி வந்த வெற்று டிஸ்க்கோ நாலரை ஜிபிதான் கொள்ளும்.

"ஒண்ணுல அடங்காது வசந்தா. ரெண்டு டிஸ்க்கா ஸ்ப்ளிட் பண்ணி பர்ன் பண்ணிடு. எதையும் விட்டுடாத. அவ அம்மா குரல் அதுல மட்டுந்தான் இருக்கு" என்று கணவன் குமாரசாமி காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவ அம்மா என்றால் ஷ்யாமளா, வசந்தாமணியின் கூடப்பிறந்த அக்கா. அவள் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தபோது வெண்பா கைக்குழந்தை. பிள்ளையைச் சித்தி பார்த்துக்கொள்வதுபோல் வேறு யார் பார்ப்பார்கள் என்று ஊரில் கூடிப் பேசி, அக்கா புருஷனுக்கே இவளைக் கட்டிவைத்து ஃபிளைட் ஏற்றிவிட்டார்கள். வசந்தாமணி கெட்டவளில்லை, சத்தியமாக இல்லை. ஊட்டினாள், தலைவாரினாள், காய்ச்சலென்றால் கண்விழித்தாள். ஆனால் அந்தப் பிள்ளை வாயிலிருந்து ஒருமுறையாவது "அம்மா" வரவேண்டுமே? ம்ஹூம். எப்போதும் சித்திதான். அம்மா என்று கூப்பிடுவதெல்லாம் டிவியைப் பார்த்து. வயிறு எரியுமா, எரியாதா?

கம்ப்யூட்டர் திரையில் காட்சிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். கீழே ஒரு பட்டை: அளவு மிஞ்சினால் சிவப்பு, அடங்கினால் பச்சை.

இதில் அக்கா வருகிற காட்சிகளை எடுத்துவிட்டால் ஒரே டிஸ்க் போதுமே! நகல் எடுக்கும்போது கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அக்கா பிள்ளையைக் கொஞ்சுகிற காட்சியின் டிக்கை எடுத்தாள். பட்டை அசையவில்லை. அக்கா ஆரத்தி எடுப்பது, அக்கா பாடுவது, எல்லாவற்றையும் எடுத்தாள். பாதிக்குமேல் போயாகிவிட்டது. பட்டை மட்டும் அப்படியே செக்கச்செவேலென்று நின்றது.

"என்ன இழவு இது!"

திட்டி வாய் மூடவில்லை, பட்டை தானாகவே பச்சையானது. உள்ளே யாரோ நகர்ந்து உட்கார்ந்து இடம்விட்டதுபோல.

ஆனாலும் பர்ன் பொத்தானை அழுத்தினாள். டிரைவ் வெகுநேரம் முனகியது. வெளியே வந்த டிஸ்க் காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. மறுபடி மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில், நகலைப் போட்டுக்கூடப் பார்க்காமல் ஒரிஜினலை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் நகலை டிவியில் போட்டாள்.

தாய்மாமன் வேலுமணி அண்ணன் மடியில் மொட்டைத்தலையோடு வெண்பா. பக்கத்தில் ஷ்யாமளா.

இந்த அக்காவை எடுத்தாயிற்றே! வசந்தாமணி அடுத்த காட்சிக்குத் தாவினாள். அங்கேயும் ஷ்யாமளா. பந்தியில் ஷ்யாமளா. வாசலில் ஷ்யாமளா.

அப்படியானால் நான் எங்கே?

அண்ணனுக்குப் பின்னால் மஞ்சள் புடவையில் சீர்த்தட்டோடு நின்றது இவள்தான். நன்றாக ஞாபகமிருக்கிறது. தட்டு இருந்தது. மஞ்சள் புடவையும் இருந்தது.

முகம் அக்காவுடையது.

அந்த முகம் மெல்லத் திரும்பி, திரைக்கு வெளியே இவளைப் பார்த்தது.

ரிமோட் கீழே விழுந்தது. அதே நேரம் போன் அடிக்க, அவள் தட்டுத்தடுமாறி எடுத்தாள்.

"மாமா! சீக்கிரம் வாங்க மாமா, எனக்குப் பயமா இருக்கு!"

"ஹலோ? ஹலோ?" என்றான் குமாரசாமி. "யாரு லைன்ல? ஒண்ணுமே கேக்கலையே."

"நான்தான் மாமா! வசந்தா!"

கிளிக் என்றது. சமையலறையில் இருந்த இன்னொரு போனை யாரோ எடுத்திருந்தார்கள்.

"சொல்லுங்க மாமா."

அந்தக் குரல்! எத்தனை தடவை டிவியில் கேட்ட குரல்!

"ஷ்யாமா, பனி ஜாஸ்தியா இருக்கு, ட்ரெயின் லேட்டு" என்றான் அவன், தினமும் பேசுகிறவன்போல. "பாப்பா வந்துட்டாளா?"

"இப்ப வந்துருவா மாமா."

அடுப்பே பற்றவைக்காத வீட்டில் அரிசியும்பருப்புச் சாத வாசனை கமகமவென்று எழுந்தது. நெய், பூண்டு, சின்ன வெங்காயம். அக்காவின் பக்குவம். வசந்தாமணிக்குச் சமையலறைப் பக்கம் பார்க்கத் தைரியமில்லை.

வெளியே ஸ்கூல் பஸ் வந்து நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு வெண்பா உள்ளே வந்தாள், தொப்பியெல்லாம் பனி. பிள்ளையைப் பார்த்ததும் வசந்தாமணிக்கு அழுகை பொங்கியது. கண்ணு, உங்கம்மாவை நான் எடுத்திருக்கக் கூடாதுடி.

வெண்பாவின் முகம் பூரித்தது.

"அம்மா! ஐ'ம் ஹோம்!"

எத்தனை வருஷமாக ஏங்கின வார்த்தை! வசந்தாமணி பயத்தையெல்லாம் மறந்து, மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தாள். பிள்ளை நேராக அவளை நோக்கி ஓடிவந்தாள்.

நிற்கவில்லை.

விரித்த கைகளுக்குள் ஒரு குளிர் மட்டும் புகுந்து போனது.

"வா கண்ணு" என்றது சமையலறைக் குரல். "கை கழுவிட்டு வா, சோறு சூடா இருக்கு."

"வெண்பா! இங்க பாரு, சித்தி இங்க இருக்கேன்!" வசந்தாமணி தொண்டை கிழியக் கத்தினாள்.

உள்ளே தட்டு வைக்கிற சத்தம். ஸ்பூன் சத்தம். பிறகு பிள்ளையின் குரல்.

"அம்மா, ஹூ இஸ் க்ரையிங்?"

"யாருமில்ல கண்ணு. நீ சாப்பிடு."