தேக்கு மேசையில் பாதி வட்டம்

வாசிப்பு அறையின் தேக்கு மேசையில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. உடையார்பாளையத்தில் யாரோ பள்ளிக்குக் கொடுத்த பழைய மேசை அது. கமலவேணி டீச்சருக்கு அதன்மேல் தூசி விழுந்தாலே பொறுக்காது.

"ஐஸ் தண்ணி பாட்டில் யாரு கொண்டாறா?"

எல்லாரும் அறிவரசனைப் பார்த்தார்கள்.

"நான் மேசையில வைக்கலைங்க டீச்சர்."

"அப்ப கறை தானா வந்துச்சா? இனிமே நீ வராண்டாவுலயே உக்காந்து படி."

அறிவரசன் புத்தகத்தோடு வெளியே போனான். ஆனால் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. சன்னல் வழியாகப் பார்த்த வகுப்புத்தோழி சிந்துவுக்குப் பாவமாக இருந்தது.

சிந்துவின் அப்பா ஜெயங்கொண்டத்தில் மரச்சாமான்களுக்குப் பாலீஷ் போடுகிறவர். பாலீஷுக்குள் ஈரம் புகுந்தால் இப்படி வெளுக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் மதியம் அதைத் தேய்த்து எடுக்க வெள்ளைப் பற்பசையும் பழைய பனியன் துணியும் கொண்டுவந்தாள்.

"மேசைக்குப் பல்லு வெளக்கப் போறியா?" சன்னலுக்கு வெளியே இருந்து கேட்டான் அறிவரசன்.

"பேசாம உன் பாட்டிலைக் குடு."

அளவு பார்க்கப் பாட்டிலை வட்டத்தின் மேல் வைத்தாள். வட்டமே மறைந்துபோனது. பாட்டிலின் அடி அவ்வளவு பெரியது. அப்படியென்றால் கறை எதனுடையது?

டீச்சரின் டீ டம்ளர் நினைவுக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவர் இங்கே நோட்டுத் திருத்துவார். சூடான டம்ளர் பட்டாலும் இதே கறைதான் விழும். சிந்துவுக்குத் திக்கென்றது.

முழுதாகத் தேய்த்துவிட்டால் மேசை சுத்தமாகிவிடும். அறிவரசன் மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே நிற்கும். எல்லார் முன்னாலும் சொன்னால் டீச்சருக்கு அவமானம். அவளுக்கு டீச்சரையும் பிடிக்கும்.

யோசித்து, பாதி வட்டத்தை மட்டும் மரத்தின் ரேகையோடு மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாள். அந்தப் பாதி போய்விட்டது.

டீச்சர் ஆவி பறக்கும் டீயோடு வந்தார்.

"அட, போயிருச்சே! மீதி?"

"மீதியத் தேய்க்கிறதுக்கு முன்னாடி, உங்க டம்ளரை அதுக்கு மேல பிடிச்சுப் பாருங்க டீச்சர். கோவிச்சுக்காதீங்க."

டம்ளரின் அடி கறையோடு அச்சாகப் பொருந்தியது.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் அறிவரசனையும் உள்ளே கூப்பிட்டார்.

"கறை என் டம்ளரால வந்தது. சரியா பாக்காம உன்னத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கப்பா."

டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் டீச்சர் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். விரல் சுட்டிருக்கும்.

அறிவரசன் தன் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதுமேல வைங்க டீச்சர்" என்றான்.