வட்டத்தின் வெளிப்பக்கம்

1923 ஆகஸ்ட் பதினைந்து, புதன்கிழமை. காலை 8.05.

ஏழு மணித் தேநீர் இன்னும் வரவில்லை. முர்டோக் மெக்கின்னன் மாடி ஜன்னலருகே நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயதில் இறங்கிப் போய், தேநீர் எங்கே என்று கேட்பது அவர் வழக்கமில்லை. வரவேண்டியது வரும். வராவிட்டால் வராதவர்களுக்குத்தான் அவமானம்.

வந்தது தேநீரல்ல, அலறல். லாயத்திலிருந்து, தங்கை எஃபியின் குரல்.

அவர் போய்ச் சேர்ந்தபோது எஃபி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது. காலடியில் உடைந்த கோப்பை. தேநீர் செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உள்ள போகாதீங்க. ஹெட்லி... ஹெட்லிய யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்க."

ஹெட்லி டிங்வெல்தான் அவர்களுடைய குதிரையை ஓட்டுபவன். அவர்கள் வாழ்ந்த தீவில் அவனைப்போல் இருசக்கர ரேஸ் வண்டியில் உட்கார்பவன் வேறு யாருமில்லை. வைக்கோல்மேல் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் லாடச் சுத்தியல். முர்டோக் அவன் தோளைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டும்போது போடும் கண்ணாடி மறைத்திருந்த இடம் தவிர முகமெல்லாம் காய்ந்த சிவப்புச் சேறு. கைகளில் ஓட்டும் கையுறை, இரண்டும் பொத்தான் போட்டபடி.

பத்தடி தள்ளி, தன் கொட்டடியில், லார்ட் யூயிஸ்ட் நின்றிருந்தது. ஒன்பது வயதுப் பொலிகுதிரை. மேலே கம்பளி ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. மேனி உலர்ந்து மின்னியது. வாளித் தண்ணீரில் முக்கால்வாசி காலி. கதவில் பித்தளைத் தகடு: குதிரையின் தாய், தகப்பன், பாட்டன் பெயர்கள். முர்டோக்கின் தந்தை தன் கடைசிக் காலத்தில் அடித்து வைத்த தகடு. மெக்கின்னன் என்ற பெயருக்குத் தீவில் இருந்த மரியாதையில் பாதி அந்தத் தகட்டில் இருந்தது.

காலை 9.30.

கான்ஸ்டபிள் பெர்சி ஹூப்பர் தொப்பியைக் கழற்றாமலே வேலையை முடித்துவிட்டான்.

"ஃபிடேல் கோடேதான் ஐயா. எட்டு மணிக்கு இங்கிருந்து தலைதெறிக்க ஓடினத பால்வண்டிக்காரர் பாத்திருக்காரு. நேத்து கொல்லன் பட்டறையில, பத்துப் பேர் முன்னாடி, 'உன் மண்டைய உடைக்கிறேன்'னு ஹெட்லிகிட்ட சொல்லியிருக்கான்."

"எதுக்காக?"

"இன்னிக்கு மாதா திருநாளாம். லீவு கேட்டான். ஹெட்லி குடுக்கல. இந்தப் பிரெஞ்சுக்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ரத்தம் கொதிக்கும்."

ஃபிடேல் ஒன்பது வருடமாக அந்த லாயத்தில் குதிரை பார்ப்பவன். ஹூப்பர் குறிப்பேட்டைப் புரட்டினான்.

"ஹெட்லி கடைசியா ஓட்டினத நீங்க பாத்தீங்களா?"

"மாடி ஜன்னல்லருந்து தினமும் பாக்கறேன். ஆறு நாப்பத்தொண்ணுக்கு நம்ம ஓட்டத் தடத்தோட முடிவுக் கம்பத்தைத் தாண்டினான். ஒரு மைல், ரெண்டு நிமிஷம் பதினாலு வினாடி. லாயத்துப் பக்கம் திரும்பினான். அப்புறம் ஆப்பிள் மரம் மறைச்சிடும்."

"சரியாப் போச்சு. வண்டியை அவுத்தான், குதிரையக் கழுவினான், நடத்தி ஆற வச்சான். வேலைக்காரன் வரலைன்னா தானே செய்யணும். அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். முடிச்சு நிமிரும்போது ஏழு அம்பது, ஏழு அம்பத்தஞ்சு. ஃபிடேல் வந்தான், அடிச்சான், ஓடினான். டாக்டரும் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவுலன்னுதான் சொல்றாரு." பிறகு எஃபியிடம் திரும்பினான். "நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"அடுப்படியில. ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன். ஹெட்லிக்குத் தேநீர் எடுத்துக்கிட்டுப் போனேன், அப்பதான்..."

"போதும்மா. போய்ப் படுங்க."

காலை 11.00.

ஃபிடேலை நகர மன்றத்தின் பின்னறையில் பூட்டி வைத்திருந்தார்கள். திருநாள் சட்டையில் இருந்தான். முர்டோக்கைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அந்த ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"வாங்க ஜட்ஜ் ஐயா. இருபது வருஷமா ரேஸ் மேடையில நின்னு யாரு முன்னால, யாரு பின்னாலன்னு தீர்ப்புச் சொல்றீங்க. இதுல யாரு முன்னால?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஆறரைக்கு எங்க இருந்தே?"

"கோயில்ல. மணி அடிச்சதே நான்தான். ஏழரை வரைக்கும் பூசை. ஊரு சனம் பூரா என் முதுகைப் பாத்துச்சு. ஆனா கான்ஸ்டபிளுக்கு எட்டு மணிதான் வேணுமாம்."

"எட்டு மணிக்கு லாயத்துக்கு ஏன் போனே?"

"குதிரைக்கு." ஃபிடேல் சிரித்தான், அதில் சந்தோஷம் இல்லை. "லீவு குடுக்கலைன்னு கோவந்தான். ஆனா ஹெட்லி குதிரைய ஆத்த மாட்டான் ஐயா. வேர்வையோட கட்டிப் போட்டுட்டு சுருட்டுப் பிடிப்பான். மனசு கேக்கல, பூசை முடிஞ்சதும் ஓடினேன். அவன் செத்துக் கிடந்தான். குதிரைக்குக் கம்பளி போட்டிருந்துச்சு. பயந்துட்டேன். என் பேரு கோடே, பிரெஞ்சுப் பேரு. நான் நின்னு விளக்கம் சொன்னா யாரு கேப்பா?"

முர்டோக் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"கையுறை," என்றார்.

"என்ன ஐயா?"

"ஒண்ணுமில்ல."

தெருவில் இறங்கியதும் அவர் நடை வேகமாயிற்று. கையுறை போட்ட கையால் யாரும் வார் அவிழ்ப்பதில்லை, குதிரையைக் கழுவுவதில்லை. ஒரு மணி நேரம் வாளியும் துணியுமாகப் புழங்குகிறவன் முகத்துச் சேற்றைத் துடைக்காமல் இருக்கவும் மாட்டான். ஹெட்லி வண்டியைவிட்டு இறங்கிய நிமிடத்திலேயே செத்துவிட்டான். ஆறே முக்கால். அப்போது ஃபிடேல் கோயிலில் இருந்தான்.

ஆக, குதிரையை ஆற வைத்தது வேறொருவர். பிணத்தைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம். ஒன்றிரண்டு வாயாகத் தண்ணீர் காட்டி, சுற்றிச் சுற்றி நடத்தி. ஓடித் தப்பவேண்டிய நேரத்தில் அப்படி நின்றவர் யார்?

பகல் 12.30.

மதிய உணவில் கருவாடும் உருளைக்கிழங்கும் இருந்தன. எஃபி இடது கையால் பரிமாறினாள். பதினாலு வயதில் ஒரு குதிரை கயிற்றை வெடுக்கென்று இழுத்ததில் வலது கையில் இரண்டு விரல் போய், மிச்ச விரல்களும் பலமில்லாமல் ஆகிவிட்டன. முர்டோக் ரொட்டியைப் பிட்டார். கெட்டியாக இருந்தது. நேற்றையது.

அவர் அதை மென்று விழுங்கினார். காலையில் சுட்டதாகச் சொன்ன ரொட்டி மேசையில் இல்லை.

பிறகு லாயத்தின் பின்பக்கம் போனார். குதிரை ஆற்றும் நடைவட்டம் அங்கே இருந்தது. நேற்றைய மழையில் ஊறிய செம்மண். அதில் லாடத் தடங்கள் வளையமாகப் பதிந்திருந்தன. எல்லாம் ஒரே திசையில், பந்தயத் தடத்தில் ஓடுவதுபோல் இடது பக்கமாக வளைந்தபடி.

குதிரையை அதன் இடப்பக்கம் நின்று வலக்கையால் பிடித்து நடத்துவதுதான் உலக வழக்கம். இடப்பக்கமாகச் சுற்றினால் மனிதன் வட்டத்தின் உட்பக்கம் வருவான். அந்த உட்பக்கம் துடைத்துவிட்ட பலகைபோல் கிடந்தது. ஒரு தடம் இல்லை. ரப்பர் பூட்ஸ் தடங்கள் எல்லாம் வெளிப்பக்கம் இருந்தன. அந்த பூட்ஸ் லாய வாசலில் பொதுவாகத் தொங்குவது; யாரும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் குதிரையை வலப்பக்கம் நின்று, இடக்கையால் பிடித்து நடத்துகிறவர் இந்த ஊரில் ஒருவர்தான்.

முர்டோக் அண்ணாந்து பார்த்தார். வளைகுடாப் பக்கம் மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. மண்வாரி சுவரில் சாய்ந்திருந்தது. அதைக்கூடத் தொடவேண்டியதில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் போதும். மூன்று மணிக்குள் மழை இறங்கிக் கழுவிவிடும். மெக்கின்னன் பெயர் அப்படியே இருக்கும். ஃபிடேல் தூக்கில் தொங்குவான்.

கோணிச் சாக்குகளை எடுத்து வந்து, தடங்கள்மேல் ஒவ்வொன்றாக விரித்து, விளிம்பில் கல் வைத்தார். முதுகு வலித்தது. முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கான்ஸ்டபிளுக்கு ஆள் அனுப்பினார்.

மாலை 3.00.

தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஹூப்பர் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். கையுறையையும் சேற்றையும் கோயில் மணியையும் பற்றி முர்டோக் சொன்னதைக் கேட்கக் கேட்க அவன் தொப்பி தானாகவே கைக்கு இறங்கியது.

"அப்ப, ஆத்தினவங்கதான் அடிச்சவங்கன்னு சொல்றீங்க."

"செத்தவனப் பாத்துட்டுச் சத்தம் போடாம ஒரு மணி நேரம் குதிரை நடத்தினவங்க வேற யாரா இருக்க முடியும்?"

"தடம் வெளிப்பக்கம் இருந்தா என்ன ஐயா? எனக்குப் புரியல."

"வலது கையால கயிறு பிடிக்க முடியாதவங்கதான் அந்தப் பக்கம் நடப்பாங்க." முர்டோக்கின் குரல் ரேஸ் மேடையில் முடிவு சொல்லும்போது இருப்பதுபோலவே இருந்தது. "என் தங்கை. யூஃபீமியா மெக்கின்னன்."

எஃபி லாய வாசலில்தான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"மழை வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அண்ணா. நீங்க சாக்கு விரிச்சத ஜன்னல்லருந்து பாத்தேன்."

"ஏன் எஃபி?"

"அந்தத் தகடு பொய்." அவள் பித்தளையைக் காட்டினாள். "அப்பா கடைசிக் காலத்துல வரவழைச்ச குட்டி கப்பல்லயே செத்துப் போச்சு. துறைமுகத்துல வேற ஒரு குட்டிய, இதைத்தான், வாங்கி அந்தப் பேரை வச்சாரு. எனக்கு மட்டுந்தான் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. ஹெட்லி எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டான். சனிக்கிழமை ரேஸ்ல, நீங்க மேடையில நிக்கும்போது, ஊரு முன்னால சொல்லுவேன்னான். 'உங்கண்ணன் மூஞ்சியப் பாக்கணும்'னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே முதுகைத் திருப்பினான்."

"என்கிட்ட வந்திருக்கலாமே."

"உங்ககிட்டயா?" அவள் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "நம்ம பேருல ஒரு சொல் விழுந்தா உயிரோட இருக்கமாட்டேன்னு சாப்பாட்டு மேசையில நாப்பது வருஷமா சொல்றீங்களே. ஒரு நாளாவது தேநீர் ஏன் வரலைன்னு இறங்கி வந்து கேட்டிருக்கீங்களா? இன்னிக்கு வந்திருந்தா நான் வட்டத்துல நடந்துக்கிட்டிருந்தேன். பாத்திருப்பீங்க."

ஹூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"அடிச்சதும் வீட்டுக்குள்ள போயிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேம்மா. ஏன் நின்னீங்க?"

எஃபி அவனை, ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வேர்த்து நின்னுச்சுப்பா. அப்படியே விட்டா நெஞ்சு பிடிச்சுக்கும்."

"ஃபிடேல்?" என்றார் முர்டோக். "அவனத் தூக்குல போட விட்டிருப்பியா?"

அவள் ஏப்ரனைக் கழற்றி, மடித்து, ஆணியில் மாட்டினாள்.

மாலை 6.00.

ஃபிடேலை முர்டோக்கே போய் அழைத்து வந்தார். நகர மன்றத்து வாசலில், ஊர் பார்க்கத் தொப்பியைக் கழற்றி, "தப்பு நடந்துபோச்சு," என்றார். ஃபிடேல் தலையசைத்தான். கையை நீட்டவில்லை.

"இன்னிக்கு எனக்கு லீவுங்க ஐயா," என்று சொல்லிவிட்டு, நனைந்த திருநாள் சட்டையுடன் கோயில் பக்கம் நடந்தான்.

முர்டோக் திருப்புளி எடுத்துப் பித்தளைத் தகட்டைக் கழற்றினார். நான்கு திருகு. தகடு இருந்த இடத்தில் மரம் வெளுத்துத் தெரிந்தது. சனிக்கிழமை மேடையில் நின்று, ஹெட்லி சொல்லவிருந்ததைத் தானே சொல்வதென்று தீர்மானித்திருந்தார். அதற்குமேல் மேடை ஏறும் உரிமை தனக்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

லாயத்தில் யாரும் இல்லை. குதிரைக்கு மாலைத் தண்ணீர் காட்டவில்லை. அவர் தலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு கொட்டடிக்குள் போய், முறைப்படி இடப்பக்கம் நின்று, வலக்கையால் பிடித்து, "வா," என்றார்.

லார்ட் யூயிஸ்ட் அசையவில்லை. கழுத்தை வலப்பக்கம் திருப்பி, அங்கே யாருமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, காத்து நின்றது.

முர்டோக் குதிரையின் முன்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், இடக்கையில் கயிற்றை மாற்றிப் பிடித்தார்.

குதிரை நடந்தது.