சுவரைத் தாண்டிப் போன வயர்

அமிர்தநாதன் யட்டியாந்தோட்டையில் பஸ் மாறி, இறப்பர் மரங்களுக்கு நடுவே ஏறி, ஒட்டிய வீட்டு வரிசையான லயத்துக்கு வந்தபோது நல்ல பகல்தான். ஆனாலும் மழை இருட்டில் தங்கச்சி மரியாயியின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் இருக்கிற வீட்டுல குப்பி லாம்பா? நல்ல சிக்கனம்தான் தங்கச்சி," என்று கேலி செய்தான். ஊரெல்லாம் வயரிங் வேலை செய்கிறவனுக்கு அது அவமானமாகக்கூட இருந்திருக்கும்.

மரியாயி சிரிக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் அழகமுத்து செத்ததிலிருந்து அவள் சுவிச் பெட்டியைத் தொடுவதே இல்லை.

லயத்தில் உப்பு, சீனி கேட்கிற மாதிரிதான் கரண்டும் கேட்பார்கள். அழகமுத்துவுக்கு இன்னும் மீட்டர் வரவில்லை. அதனால் மரியாயி வீட்டிலிருந்து, கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு மேலால் அவனுக்கு ஒரு வயர் போனது. ஒருநாள், "பல்பு ஹோல்டரை மாத்தணும்க்கா," என்றான். அவள்தான் பிரேக்கரை அணைத்தாள். பல்பு அணைந்தது. ஸ்டூலில் ஏறி நம்பித் தொட்டான், பாவி. கரண்ட் வருகிற லைவும் திரும்பிப் போகிற நியூட்ரலும் இடம் மாறிக் கிடந்ததை யார் கண்டது? அந்த ஒற்றைப் பிரேக்கர் நியூட்ரலை மட்டும் அறுத்தது; கரண்ட் வயரிலேயே நின்று, பல் கிட்டிப்போகும்வரை அவனை விடவில்லை. விதி என்று சனம் சொன்னது. தன் விரலால்தான் அந்த உயிர் போனது என்று மரியாயி நினைத்தாள்.

"இது டபுள் போல் பிரேக்கர். ரெண்டு வயரையும் ஒண்ணா அறுத்துரும். லைவ் எந்தப் பக்கம் மாறிக் கெடந்தாலும் பயமில்ல," என்றான், அவள் கதையைக் கேட்ட அமிர்தநாதன், பையிலிருந்து புதிய பிரேக்கரை எடுத்துக் காட்டி. மீட்டர் பக்கம் அணைத்துவிட்டுப் புதியதைப் பூட்டினான். மறுபடி கரண்ட் கொடுத்ததும் வீட்டு பல்பு எரிந்தது. சுவரைத் தாண்டும் பழைய வயரைக் கழற்றுவதுதான் மிச்சம். மேசைமேல் ஏறினான்.

"நீயே அணை. அப்பத்தான் பயம் தெளியும்."

"வேணாம்ணே. உங்களுக்கு ஏதும் ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

"ஒண்ணும் ஆகாது. கீழ தட்டு."

தட்டினாள். பல்பு அணைந்தது. அவன் இரண்டு வயரிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். அதன் விளக்கு எரியவில்லை. திருப்தியோடு, செம்பு தெரிந்த பழைய ஜொயின்டை வெறுங்கையால் பிரிக்க ஆரம்பித்தான்.

மழை சட்டென்று நின்றது. எங்கிருந்தோ முடி கருகும் வாடை வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஸ்டூலை இழுக்கும் சத்தம்.

"அண்ணே, அந்தக் காம்பரா பூட்டித்தானே கெடக்கு?" அவள் குரல் கிசுகிசுத்தது.

"எலியா இருக்கும்."

அவன் ஜொயின்டைப் பிரித்துக்கொண்டேயிருந்தான்.

"போடுங்க."

அண்ணன்தான் என்று நினைத்து, அந்த 'ங்க'வைக் கவனிக்காமல் அவள் விரல் பிரேக்கருக்குப் போனது.

"போட்டுடுங்கக்கா."

அண்ணன் அவளை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

விரலை எடுக்கப் பார்த்தாள். அதற்குள் பிரேக்கரின் நாக்கு தானாக மேலே எழும்பத் தொடங்கியது.

இரண்டு பெருவிரலாலும் அதைக் கீழே அமுக்கினாள். கீழிருந்து யாரோ தள்ளினார்கள். அண்ணனின் கை இன்னும் செம்பில்தான் இருந்தது. கத்த வாயெடுத்தாள், தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. மாதாவே, இவரையும் என் கையாலயா? நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அவள் விடவில்லை.

"அண்ணே, கைய எடுங்க!"

ஒருவழியாகக் குரல் வந்தது. அமிர்தநாதன் வயரை உதறிவிட்டுக் கீழே குதித்தான். அந்தக் கணமே தள்ளுவது நின்றது.

அவளுடைய முகத்தைப் பார்த்தவன் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. வயர் வெட்டும் குறடொன்றை எடுத்து, மேசையில் ஏறி, வயரை ஒரே வெட்டாக வெட்டி இழுத்துத் தரையில் போட்டான்.

"முடிஞ்சது தங்கச்சி. இனி அந்தப் பக்கம் ஒண்ணும் போகாது."

மரியாயி மூச்சு விட்டாள். பெருவிரல்களை மட்டும் எடுக்கவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பல்பு எரிந்தது.

மஞ்சள் வெளிச்சம் கூரைத் தகரமெங்கும் பரவியது. அமிர்தநாதன் காலடியில் கிடந்த வயரைப் பார்த்தான்.

பல் கிட்டிப்போன குரலொன்று சுவருக்கு மேலால் அழுதது.

"இன்னும் என்னைய விடமாட்டேங்குதுக்கா…"