துரைக்குப் பக்கத்து மண்மேடு

காலையிலிருந்து விடாத சாரல். சர்ச் வளாகத்தில் புல்லும் சிலுவைகளும் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்க, அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தை ஆண்ட வேல்ஸ் துரையின் கல்லறையை மூடிய பலகைக்கல் மட்டும் உலர்ந்திருந்தது. மணியடித்துக் குழிவெட்டும் கோயில்குட்டி வேதமுத்து அதன்மேல் கை வைத்தார். இப்போதுதான் ஆள் எழுந்து போன கட்டிலைப் போல வெதுவெதுப்பு. யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பிஷப் அதைப் பாரம்பரியக் கல்லறை என்று அறிவிக்கப் போகிறார். அதற்கு வைத்த பெயர்ப்பலகையில் துரையின் பெயர் சிறியது. கமிட்டிச் செயலாளர் டின்டுவின் பெயர் பெரியது.

"வேதமுத்தண்ணே, பக்கத்து மண்மேட்ட நெரவிருங்க. பிஷப்பு காரு திரும்பணும்லா," என்றான் டின்டு.

"அது அன்னாள், தம்பி."

"தெரியும்ணே. எலும்ப எடுத்து அஸ்திக்குழியில போட்டாப் போச்சு. மைனி கோவிச்சுக்கிட மாட்டாவ."

"நீ அவகிட்ட பேச்சு வாங்குனதில்ல. அதான்."

டின்டு சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போனான்.

அஸ்திக்குழியில் ஊர் எலும்பெல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஆயுள் முழுக்கத் தேயிலை கிள்ளி, தோட்டத்துக் கூலி லயத்தில் ஒற்றை அறையில் குடும்பமே நெருக்கிக்கொண்டு படுத்தவள், செத்தும் கூட்டத்திலேயா? இருட்டியதும் வேதமுத்து மண்மேட்டைத் தோண்டி, மனைவியின் எலும்புகளை வெள்ளைச் சேலையில் முடிந்தார். துரையின் கல்லுக்கடியிலேயே இவளும் கிடக்கட்டும். நாளைக்கு பிஷப் குனிந்து வைக்கும் மாலை இவளுக்காகட்டும்.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் கனக்கவில்லை. உள்ளிருந்து யாரோ கைகொடுத்ததுபோல் நகர்ந்தது. உள்ளே எலும்பில்லை, பெட்டியில்லை. சுருட்டு வாசனை மட்டும் நேற்றுப் பிடித்ததுபோல் ஏறியது. முழங்கால் கடுத்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. மூட்டையை இறக்கினார்.

"ஒனக்குன்னு ஒரு எடம். காலை நீட்டிப் படு."

கல்லை இழுத்து மூடிவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். பனிமூட்டம் இறங்கி சர்ச்சை மறைத்தது.

உள்ளே ஒரு இருமல்.

ஆண் இருமல்.

பிறகு பூட்ஸ் குதிகால் கல்லைத் தட்டும் ஓசை. அதன் பின்னாலேயே, தேயிலை நிரைக்கு நிரை அவள் கிள்ளும்போது அவர் கேட்டுப் பழகிய சின்னச் சத்தம். காம்பு முறியும் சத்தம்.

டக். டக். டக்.

"அன்னாளு."

நின்றது.

குதிகால் ஓங்கித் தட்டியது. மறுபடியும் டக், டக், முன்னைவிட வேகமாக.

கடப்பாரையைக் கொடுத்தார். தொங்கினார். கல் அசையவில்லை.

விளிம்பின் இடுக்கில் விரல்கள் வந்தன. சதையோடு. கொழுந்து கிள்ளிக் கறுத்த கட்டைவிரல், நகக்கண்ணில் ரத்தம். ஒரு பச்சைக் கொழுந்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே போயின. மறுபடி வந்தன. மறுபடி.

விடியும்போது பெயர்ப்பலகையில் டின்டுவின் பெயர்வரை கொழுந்து குவிந்திருந்தது. விரல்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.