பொம்மைக்குத் தீனி

அன்றைக்கும் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கப் படியேறி அந்தப் பழைய கட்டடத்தின் கடைசி மாடிக்கு அக்கா வந்து சேர்ந்தபோது நடைபாதையில் அதே ஈரச் சுண்ணாம்பு வாடை. கழிப்பறைக் கதவு வழக்கம்போல் ஒருக்களித்துக் கிடந்தது. அறைக்குள் ஏசி மட்டும் யார் அப்பன் வீட்டுக் காசு என்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்க அலுவலகம், வேறு எப்படி இருக்கும்? அவள் கைப்பையில் செத்துப்போன தம்பியின் கைப்பேசி இருந்தது.

அந்த அறையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த மேலதிகாரிகூட. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவர்கள் வேலை இதுதான். மதத்தின் பேரைச் சொல்லி வெறுப்பை விற்கிற பேச்சாளர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்களை இணையத்தில் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் அரசாங்கத்தின் மறுப்பு வீடியோதான் பட வேண்டும். தேடுபொறிக் கம்பெனியோடு பேசி அப்படி ஓர் ஏற்பாடு. அது நடக்கிறதா என்று பார்க்கப் பொம்மைகள் வைத்திருந்தார்கள். பொம்மை என்றால் இல்லாத ஆள். ஒரு கைப்பேசி, ஒரு மெயில் கணக்கு, ஒரு பொய்ப்பெயர், அவ்வளவுதான். வேலை கிடைக்காத, காதலில் அடிபட்ட, எவன்மேலாவது கோபப்படக் காத்திருக்கிற இளைஞனைப்போல் அதில் தினமும் தேட வேண்டும். தேடுபொறி அவனை நம்பிவிட்டால், அவனுக்குப் பிடிக்கும் என்று தான் நினைப்பதையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். இதற்கு அந்த அறையில் வைத்த பேர் தீனி போடுவது.

மறுப்பு வீடியோ லட்சணத்தைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கோட்டு போட்ட ஓர் அதிகாரி பூந்தொட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்று, "இளைஞர்களே, சிந்தியுங்கள்" என்பார்.

"இதைப் பார்த்தா எனக்கே எவனையாவது அடிக்கணும்போல இருக்குக்கா" என்பான், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்.

வந்த வினை என்னவென்றால், புதுக் கணக்குகளைத் தேடுபொறி சீக்கிரமே மோப்பம் பிடித்துவிட்டது. பொம்மைகள் ஒவ்வொன்றாக முடங்கின. மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பழைய கணக்கா வேணும். பல வருஷம் நிஜமான ஆள் ஒருத்தர் பொழங்கினதா இருக்கணும். நான் எங்க போவேன்?"

அக்காவுக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. புறாப் பைத்தியம். கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான், அடிக்க மாட்டான். அவன் கணக்கு அப்படியே கிடந்தது, கடவுச்சொல்லும் அவளுக்குத் தெரியும். கணக்குதானே, ஆளா என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேலதிகாரியிடம் நல்ல பேர் வாங்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது.

அவள் முதல் தடவை திறந்தபோது பக்கம் முழுக்கப் புறாக்கள். கால் வீங்கிய புறாவுக்கு என்ன மருந்து, குஞ்சு பொரித்தால் கூட்டை எப்படி வைப்பது. செத்துப்போனவனுக்காகத் தேடுபொறி இன்னும் விசுவாசமாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீனி போட ஆரம்பித்தாள்.

அவள் தேட வேண்டிய பேச்சாளனுக்கு அறையில் வைத்த பட்டப்பேர் தேன். குரல் அப்படி வழியும். மகனே, மகளே என்று கொஞ்சிக் கொஞ்சியே, வேறு சாமியைக் கும்பிடுகிறவர்களைப் புழு என்பான், நசுக்கச் சொல்வான். அவன் வாயைப் பார்த்தாலே அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் தம்பியின் பேரில் அவனைத் தேடினாள், தம்பியின் பேரில் விருப்பக்குறி போட்டாள். ஒன்றைக் கேட்டால் பத்து வந்தது. எரிகிற வீடுகள், தெருவில் கிடக்கிற உடல்கள், அதைச் சுற்றி நின்று சிரிக்கிறவர்கள். புறாக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் காலையில் ஒன்றுகூட இல்லை.

அக்கா கழிப்பறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது மேலதிகாரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். "உங்க பொம்மைதான் நம்பர் ஒன். இன்னும் நல்லாப் போடுங்க."

சீ, இதற்கும் ஒரு பாராட்டு!

அந்த வாரம்தான் நாற்றம் தொடங்கியது. கைப்பேசியை எடுத்தால் கெட்டுப்போன இறைச்சியின் வாடை. டெக்னீஷியன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், உறையை மாற்றினான். மத்தியானத்துக்குள் மறுபடி அதே நாற்றம். அணைத்து மேசையில் வைத்தாலும் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. ஒரு முறை அவள் திறந்தபோது தேடும் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு சொல் அடித்து வைத்திருந்தது.

இன்னும்.

"நீ எதையாவது அடிச்சியா?"

"நான் ஏன்க்கா அந்தக் கருமத்தைத் தொடறேன்?"

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. வெயில் கொளுத்தும்போதே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முகம் மலரச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி போனதிலிருந்து அந்தச் சிரிப்பை அக்கா பார்த்ததே இல்லை. மடியில் தம்பியின் டேப்லெட். அவன் போட்டோக்களைப் பார்ப்பதற்காக அக்காவேதான் அதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள்.

"தம்பி தினமும் எதாவது அனுப்பறான்டி" என்றாள் அம்மா. "முன்னயெல்லாம் புறாவா வந்துச்சு. இப்ப நல்ல நல்ல பேச்சா வருது. அவனுக்கு இவ்வளவு விஷயம் தெரியும்னு நமக்குத் தெரியாமப் போச்சே."

டேப்லெட்டிலிருந்து தேன் வழிந்துகொண்டிருந்தது. மகளே, கேள் மகளே.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. டேப்லெட்டிலும் தம்பியின் அதே கணக்கு! அலுவலகத்தில் அவள் போட்ட தீனியெல்லாம் நேராக இங்கே வந்து, அவளைப் பெற்றவளின் மடியில் விழுந்திருக்கிறது. இதை யோசிக்காமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டுக்காரி வந்தா கதவைத் திறக்காத" என்றாள் அம்மா, அதே சிரிப்போடு. "அவ சாமி வேற. புழுடி அவங்கல்லாம்."

எதிர்வீட்டுக்காரி ஒரு தையல்காரி. அக்கா வேலைக்குப் போனால் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் மகள், அந்த வாயாடிப் பாப்பா, பள்ளிக்கூடம் விட்டால் நேராக அம்மாவிடம்தான் ஓடி வரும். அந்தக் குழந்தைக்குத் தலை பின்னிவிட்ட கை, இந்த அம்மாவின் கை.

அக்கா டேப்லெட்டைப் பிடுங்கினாள். கணக்கை வெளியேற்றி, அணைத்து, அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் அக்காவுக்கு நெருடியது.

தையல்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். என் அம்மா உன்னைப் புழு என்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பாப்பாவை அனுப்பாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பாப்பா கேட்கிற ஜாதியா?

அடுத்த வாரம் ஒரு நாள் பேருந்து சீக்கிரம் கிடைத்து, வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். முதலில் மூக்கில் ஏறியது அந்த நாற்றம். தம்பி கைப்பேசியின் நாற்றம், பத்து மடங்காக. அது கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை. தம்பியின் அறையிலிருந்து வந்தது.

அறைக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

தம்பியின் குரல்.

தம்பியின் குரல்தான், ஆனால் பேச்சு தேனுடையது. கேள் மகளே. நசுக்கு மகளே. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் எதையோ சப்புக் கொட்டி விழுங்கும் சத்தம்.

கதவு பாதி திறந்திருந்தது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவள் கையில் பாப்பாவின் கை.

"அம்மா, என்ன பண்றே?"

"தம்பிக்குப் பசிக்குதாம்டி" என்று கிசுகிசுத்தாள் அம்மா. "நீ போட்டது பத்தலையாம்."

பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ள அண்ணா கூப்பிடறாங்க, ஆனா நாறுது" என்றது.

அக்கா பாய்ந்து குழந்தையை இழுத்தாள். இழுத்த வேகத்தில் கதவு அகலத் திறந்துகொண்டது.

கட்டிலில் ஆள் இல்லை. ஆனால் ஆள் உட்கார்ந்த பள்ளம் மெத்தையில் இருந்தது. அதில் கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ ஊறிக்கொண்டிருந்தது, கழுவாத புண்ணிலிருந்து சீழ் வருகிற மாதிரி. பள்ளம் மெல்ல அசைந்து, வாசல் பக்கம் நகர்ந்தது.

"அக்கா" என்றது அது. இப்போது தேன் இல்லை. தம்பியேதான். "வாயெல்லாம் கசக்குதுக்கா. ஆனா நிறுத்த முடியல. இன்னும் போடுக்கா."

அவளுக்குப் பயத்தைவிட அருவருப்புதான் முன்னால் வந்தது. அதன்மேல் அல்ல, தன்மேல். கொசு அடிக்காத பிள்ளைக்கு இதையா ஊட்டினேன்? என் கையாலயா?

கதவை இழுத்துப் பூட்டினாள். பாப்பாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, தெருவிலேயே நின்று தம்பியின் கைப்பேசியை எடுத்தாள். கணக்கை அழிக்கும் இடத்துக்குப் போனாள். போட்டோக்கள், கடிதங்கள், எல்லாமே போய்விடும், திரும்ப எடுக்க முடியாது, நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. கைப்பேசி விரலைச் சுட்டது. "மன்னிச்சிருடா" என்று வாய்விட்டு அழுதுகொண்டே அழுத்தினாள்.

வீட்டுக்குள் சத்தம் நின்றது. நாற்றமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அம்மா மட்டும் கூடத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவை ஆஸ்பத்திரியில செத்தான். இப்ப நீ கொன்னுட்டியேடி, பாவி!"

அக்கா தம்பி அறைப் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். அந்த அறையின் சாவியை அன்றிலிருந்து கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். அலுவலகத்தில், பொம்மை முடங்கிவிட்டது என்று ஒரு பொய். மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், போகட்டும். தையல்காரியிடம் இந்த முறை உண்மையைச் சொன்னாள், முக்கால்வாசி. அவள் பாப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "நான் வாசல்ல நின்னு மாத்திரையைக் குடுத்துடறேன். பாப்பா வராது" என்றாள். இவ்வளவு நல்லவளையா புழு என்றான் அந்தப் படுபாவி!

அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தட்டை வைத்தால் தள்ளிவிடுவாள். பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கெஞ்சியாயிற்று, திட்டியாயிற்று. இளைத்து, துணி காயப்போட்ட கொடிமாதிரி ஆகிவிட்டாள். அவளை எழுப்பி நடமாட வைக்க வேலையை விட்டாலும் பரவாயில்லை என்றுகூட அக்கா நினைத்தாள்.

மறுவாரம் மத்தியானம் டெக்னீஷியன் ஒரு புதுக் கைப்பேசியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த பொம்மைக்கு. இன்னும் பேர்கூட வைக்கவில்லை, யாரும் ஒரு எழுத்துத் தேடவில்லை.

"கொஞ்சம் குடு" என்று வாங்கினாள் அக்கா. "அம்மாவுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கணும்."

தேடும் கட்டத்தில் அம்மா என்று அடித்தாள். மேலே எதையும் அடிக்குமுன் தேடுபொறி தானாகவே யோசனைகளைக் கீழே விரித்தது.

அம்மா சாப்பிட மறுத்தால் என்ன செய்வது.

அம்மா பற்றிய கட்டுரை.

அம்மா உள்ளே வந்துட்டாங்க அக்கா.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். டெக்னீஷியன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது? இப்படித் தானா வரணும்னா ஊர்ல நிறைய பேர் இதைத் தேடியிருக்கணுமே."

அக்கா கைப்பைக்குள் கையை விட்டாள். சாவி இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்தபிறகு தையல்காரி எடுத்தாள். மூச்சு இரைத்தது.

"மாத்திரை குடுக்க வந்தேன். வாசக்கதவு திறந்தே கிடக்கு, அம்மாவைக் காணோம். வீடு பூரா தேடிட்டேன்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரூமு பூட்டினபடியேதான் இருக்கு. ஆனா உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது. ரெண்டு பேரு. எதையோ மென்னுக்கிட்டே பேசற மாதிரி."

"அங்க நிக்காத. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடு. ஓடு!"

அந்தப் புதுக் கைப்பேசி மேசைமேல் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கட்டத்திலிருந்த சொல் எழுத்தெழுத்தாக அழிந்து, வேறொன்று எழுத்தெழுத்தாக வந்தது.

அக்கா எப்ப வருவா.