சகாதேவனுக்கு ஒரு படையல்

மேசைமேல் சாம்பல் கிடந்தது. கடைசி வரிசையில், ஜன்னலை ஒட்டிய டைப்ரைட்டருக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு, எங்கும் முறியாமல். எவனோ சிகரெட்டைப் பற்றவைத்து, ஒருமுறைகூடத் தட்டாமல் கடைசிவரை இழுத்து, சாம்பலைப் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படிச் சாம்பல் கலையாமல் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தெருவிலேயே சகாதேவன்தான். அவரோ ஆடி அமாவாசையோடு சிகரெட்டை விட்டுவிட்டார்.

ஊதிக் கலைத்தார். பையன்களில் ஒருவன் செய்த வேலை என்று முடிவு கட்டினார். வீட்டு முன்னறையில் அவர் நடத்துகிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டைப் அடிக்க வருகிற பையன்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் என்றுமே இருந்ததில்லை. லோயர் பரீட்சை பாஸ் பண்ணத் துப்பில்லாதவன் சிகரெட்டாவது ஒழுங்காகப் பிடிக்கிறானே என்று நினைத்தபோது உதட்டோரம் தானாகக் கோணிக்கொண்டது. அந்தக் கோணல் அவர் முகத்தில் நிரந்தரமாகக் குடியிருந்த ஒன்று. மாடவீதியில் செருப்பில்லாமல் நடக்கிற பக்தர்களுக்கும் அதுதான், கட்டிய மனைவிக்கும் அதுதான், மச்சான் முருகையனுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

சிகரெட்டை அவர் விட்டதற்குக் காரணம் பயம். வேலூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இப்படியே போனால் அடுத்த பொங்கலைப் பார்க்க மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது, போளூர் தாண்டி ஊர் மலை கண்ணில் பட்டதும், சகாதேவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். சாக அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் பயத்தை நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற ஆளா அவர்? அதைக் கேலியாக மாற்றினார்.

கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள் மனைவி ரேணுகாம்பாள். "ஒரு சிகரெட்ட விடறதுக்கு சாமி எதுக்குடி? செத்துட்டான்னு காரியம் பண்ணிட்டா முடிஞ்சிது" என்றார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரே அய்யங்குளத்தில் முழுகி அப்பனுக்கும் பாட்டனுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்த ஆடி அமாவாசையன்று, முருகையனையும் டீக்கடைக் கூட்டத்தையும் கொல்லைப்புறத்துக்கு அழைத்து, தலைவாழை இலை போட்டு, அதில் கடைசி பாக்கெட், தீப்பெட்டி, ஒரு கிளாஸ் டீ வைத்தார். மகாபலிபுரத்தில் எடுத்த தன்னுடைய போட்டோ ஒன்று, வாயில் சிகரெட்டோடு, இலைக்கு முன்னால் சாய்ந்து நின்றது.

"சிகரெட் புடிச்ச சகாதேவன் இன்னிக்குக் காலமாயிட்டார்" என்று அறிவித்தார். கூட்டம் சிரித்தது. பிறகு செத்தவர்களைக் கூப்பிடுகிற முறைப்படியே, அப்பன் பேரைச் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார். "பச்சையப்பன் மவன் சகாதேவா, வா. வந்து எடுத்துக்கோ."

கொல்லைக் கதவருகே நின்ற ரேணுகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளைப் பார்த்து அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்தார்கள். மறுநாள் காலையில் இலை அப்படியே கிடந்தது. பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் காணோம்.

அதிசயம் என்னவென்றால் அவருக்கு ஆசையே வரவில்லை. முருகையனும் விட்டுப் பார்க்கிறவன்தான், வருஷத்தில் பாதி நாள் விட்டுக்கொண்டேதான் இருப்பான். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, கை நடுங்க, பெண்டாட்டி பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்து, ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டு, கடைசியில் ஏதோ ஒரு சாயங்காலம் டீக்கடை மறைவில் திருடன் மாதிரி நின்று இழுத்துக்கொண்டிருப்பான். சகாதேவனுக்கு அந்த நடுக்கம் இல்லை, புரளல் இல்லை. கழுவி விட்ட மாதிரி போய்விட்டது. "காயிதத்துல சுத்தின தூளு. அதுக்கு அடிமையாடா நீ?" என்று முருகையனை நாலு பேர் முன்னால் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாம்பாரில் உப்பு காரம் உறைக்கவில்லை என்பதையோ, மல்லிகைப் பூக்காரி வாசலில் நின்றாலும் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை என்பதையோ அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழையபடி ருசி திரும்ப நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பவில்லை. கம்மியாகிக்கொண்டே போனது.

சாம்பல் கண்ட அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ரேணுகாம்பாள் அவருடைய சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருட்டுத்தனமா புடிக்கிறீங்களா?"

"யாரு, நானா?"

"சட்ட பூரா நாறுதுங்க. ராத்திரி இன்ஸ்டிட்யூட்ல இருந்து இருமல் கேக்குது. நான் என்ன செவிடா?"

கோபத்தில் சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். முருகையனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்க்கிறாள். கோபத்தோடேயே டீக்கடைக்குப் போனார். கடைக்காரக் கண்ணாயிரம் அவரைக் கண்டதும், கேட்காமலே, பழைய பழக்கத்தில் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினான்.

"நான் விட்டுட்டேன்னு தெரியாதா உனக்கு?"

கண்ணாயிரம் சிரித்தான். "வெளையாடாதீங்க சார். வெடியக்காலையில வந்து வாங்கினு போனீங்களே. டெய்லி நீங்கதானே மொத போணி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொல்லைப்புறத்தில் சிரித்த அதே வாய்கள். சகாதேவன் டீ குடிக்காமல் திரும்பினார்.

மறுநாள் சாயங்கால பேட்ச் நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. அந்த வருஷம் எண்பத்து மூன்று, மழை பொய்த்து அணைகள் வற்றிக் கிடந்ததால் கரண்ட் போவது அன்றாடக் கதை. பையன்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி எழுந்து ஓடினார்கள். சகாதேவன் ஒவ்வொரு மிஷினாக உறையைப் போட்டு மூடிக்கொண்டே போனார். வெளியே கோயில் லவுட்ஸ்பீக்கர் பாதிப் பாட்டில் நின்றுபோயிருக்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹாரன் சத்தமும், தெருமுனையில் யாரோ சைக்கிள் செயினை மாட்டுகிற சத்தமும், உள்ளே எண்ணெயும் ரிப்பனும் கலந்து அடிக்க வேண்டிய, ஆனால் அவர் மூக்குக்கு எட்டாத அந்தப் பழைய நெடியும், ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையின் கறுப்பும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அறைக்குள் இறங்கின. உள்வீட்டுக்குப் போகிற வாசல்படியில் காலை வைத்தார்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

சின்னதாகத் தொடங்கி, இழுத்துக்கொண்டே போய், கடைசியில் தொண்டையைக் காறி அடங்குகிற இருமல். வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரனை எழுந்து போக வைத்த இருமல். அவருடையது.

திரும்பினார். கடைசி வரிசையில் ஒரு சிவப்புப் புள்ளி.

அது பெரிதானது. இழுக்கிறான். நெருப்பின் வெளிச்சத்தில் ஒரு மூக்கு. மீசை. கண்ணாடி. பிறகு இருட்டு.

மறுபடி இழுத்தான். உதட்டோரக் கோணல்.

சகாதேவன் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டார். உள்வீட்டுக் கதவு திறந்து, ரேணுகாம்பாள் அரிக்கேன் விளக்கோடு வந்தாள். வாசல்படியில் நின்ற அவரை உரசிக்கொண்டுதான் போனாள். நேராகக் கடைசி வரிசையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இருட்டுல உக்காந்துனு இத ஏங்க இழுக்கிறீங்க? செத்துப்போயிடுவீங்கன்னு டாக்டர் சொன்னாரே."

விளக்கு வெளிச்சம் போய்ச் சேர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவள் விளக்கை உயர்த்திக்கொண்டு திரும்பினாள். வாசல்படியில் நின்ற கணவனைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள்.

முருகையனை வரவழைத்தது அவள்தான். அவனிடம் யோசனை கேட்க நேர்ந்ததே சகாதேவனுக்குப் பாதி சாவு. அவன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"உசுரோட இருக்கிறவன் பேரச் சொல்லிப் படையல் போடலாமா மாமா? கூப்பிட்டீங்க, வந்துட்டான். வந்தவன யாரும் போன்னு சொல்லல. வர்ற மாளய அமாவாசைக்கு நடுவீட்ல மொறையா எல போட்டு, அவனுக்குப் புடிச்சத வச்சி, கதவச் சாத்திருவோம். திருப்தியா எடுத்துக்கினு போயிடுவான்."

"நீ என்ன பூசாரியா?"

"வேணான்னா விடுங்க."

வேண்டாம் என்று சொல்ல சகாதேவனால் முடியவில்லை. இப்போதெல்லாம் கண்ணாடியில் அவர் முகம் வெளிறித் தெரிந்தது. பையன்கள் அவரைக் கேட்காமல் வந்தார்கள், கேட்காமல் போனார்கள். இருமல் மட்டும் நாளுக்கு நாள் கனமாக, உடம்பு தேறிய ஆளின் இருமலாகக் கேட்டது. வாழவேண்டும் என்றுதான் விட்டார். அந்த வாழ்க்கையை வேறொருத்தன் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசி மாளய அமாவாசை சாயங்காலம் நடு அறையில் இலை போட்டார்கள். சோறு, வடை, பாயசம், ஒரு புது பாக்கெட், தீப்பெட்டி. ரேணுகாம்பாள் கற்பூரம் காட்டினாள். முருகையன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். "பச்சையப்பன் மவன் சகாதேவா, வந்து எடுத்துக்கினு போ. திரும்ப வராத." எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள்.

"வெளிய வாங்க. கதவச் சாத்தணும். அவுரு சாப்புடறத நம்ம கண்ணு பாக்கக் கூடாது" என்றான் முருகையன்.

வெளியே காலெடுத்து வைக்கப் போன சகாதேவனின் கண்ணில் தீப்பெட்டி பட்டது. மடையன், பாயசத்தின் ஈரத்திலேயே வைத்திருக்கிறான். குச்சி நமுத்துப் போகும். இந்த முட்டாளை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தால் இப்படித்தான். நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு திரும்பி, குனிந்து, தீப்பெட்டியை எடுத்து வேட்டியில் துடைத்து, இலைக்கு வெளியே வைத்தார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"எல்லாரும் வந்தாச்சா?" வெளியே முருகையன் குரல்.

"வந்தாச்சு" என்றது சகாதேவனின் குரல்.

அவர் வாயைத் திறக்கவே இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார். "ரேணுகா! நான் இங்க இருக்கேன்டி! ரேணுகா!"

வெளியே முருகையன், மெதுவாக: "கேக்குதாக்கா? வந்துட்டான்."

"பயமா இருக்குடா."

"பயப்படாத" என்றது அந்தக் குரல். கனமான, தெம்பான குரல். "தொறந்துடாதீங்க. நிதானமா எடுத்துக்கட்டும்."

சகாதேவன் தட்டினார். நகம் பெயர்ந்தது. வலிக்கவில்லை.

அப்போது மூக்குக்கு வாசனை எட்டியது. இத்தனை நாளாக எட்டாதது. சோறு இல்லை. வடை இல்லை. கற்பூரம் இல்லை. புகையிலை. பாக்கெட் இன்னும் பிரிக்கப்படவில்லை. இருந்தும் அது மட்டும்தான் அறை முழுக்க.

வந்தது ஆசை. விட்ட நாள் முதல் வராத ஆசை அத்தனையும், ஒரே மூச்சில். கை நடுங்கியது. பல் கிட்டியது. நெஞ்சுக்குள் எதுவோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வேண்டாம் என்றார். சத்தமாகச் சொன்னார். முருகையன் இதைத்தான் வருஷம் பூராவும் பட்டானா? வேண்டாம். ஒன்றே ஒன்று. வேண்டாம்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. குச்சியை உரசியது தெரியவில்லை. இழுத்தார். அழுதுகொண்டே இழுத்தார்.

கதவு திறந்தது.

ரேணுகாம்பாள் விளக்கோடு எட்டிப் பார்த்தாள். அவள் கண் அவரைத் தாண்டி இலைக்குப் போனது. இலையில் சுண்டுவிரல் நீளத்துக்கு முறியாத சாம்பல். நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"எடுத்துக்கிட்டாருடா" என்றாள்.

"பாக்கெட்ட அங்கயே விட்டுடுக்கா. எலைய மட்டும் மடிச்சி எடு."

இலையை மடித்து எடுத்தாள். அவள் புடவைத் தலைப்பு அவர் முழங்காலுக்குள் புகுந்து வெளியே போனது. அவளுக்குப் பின்னால், நெற்றியில் விபூதியோடு, சலவை வேட்டியில், கன்னம் பூரித்து நின்றுகொண்டிருந்தது சகாதேவன். அந்த ஒரு ஆள்தான் அவரை நேராகப் பார்த்தான். கையில் சிகரெட்டோடு தரையில் உட்கார்ந்து அழுகிறவரை, ஏற இறங்க, அவசரமே இல்லாமல் பார்த்தான். காகிதத்தில் சுற்றின தூளை விடத் துப்பில்லாதவனைப் பார்க்கிற பார்வை. உதட்டோரம் லேசாகக் கோணியது.

பிறகு கதவைச் சாத்தினான். உள்ளே சகாதேவன் அடுத்த குச்சியை உரசினார்.